இரண்டு நாள் மலைப் பயணத்தில் பிள்ளைகளுக்கு என்ன கற்றுக்கொடுக்கலாம்?

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரை டிசம்பரில் இரண்டு நாள் கொல்லிமலைக்கு அழைத்துப் போகிறீர்கள். ஒரு முகாம் நிறுவனம் ஜிப்லைன், பர்மா பாலம், கமாண்டோ வலை என்று பட்டியல் அனுப்பியிருக்கிறது. சாகசமும் இருக்க வேண்டும், பிள்ளைகள் உருப்படியாக எதையாவது கற்றுக்கொண்டும் திரும்ப வேண்டும், இந்தப் பட்டியலில் எதைச் சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு ஒன்று என்று நினைக்கிறேன்: இரண்டே நாளில் ஒரு பிள்ளை, முன்பு தன்னால் செய்ய முடியாத ஒன்றைச் செய்யக் கற்றுக்கொள்ள முடியுமா? முடியும். ஆனால் அந்தப் பட்டியலிலிருந்து தொடங்கினால் முடியாது.

உத்தரகாசியில் மலையேற்ற அடிப்படைப் பயிற்சி முடித்துவிட்டு, பல வருடங்களாகச் சேலம், நாமக்கல், திருவண்ணாமலை பக்கத்து மலைகளில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளோடு நடப்பதுதான் என் வேலை. அந்த எல்லைக்குள் நின்றே சொல்கிறேன். கடல், படகு, பனிமலை எல்லாம் வேறு ஆட்கள் பதில் சொல்ல வேண்டிய விஷயம்.

ஜிப்லைனை நான் வெறுக்கவில்லை. அரை நிமிடம் காற்றில் பறப்பது சந்தோஷம்தான். ஆனால் அங்கே பெல்ட் மாட்டுகிறவர், கொக்கியைச் சரிபார்க்கிறவர், "இப்போ குதி" என்கிறவர் எல்லாம் முகாம் ஆட்கள். பிள்ளை செய்வது உட்கார்ந்திருப்பது மட்டும். எந்த நிகழ்ச்சியையும் சோதித்துப் பார்க்க நான் வைத்திருக்கும் கேள்வி இதுதான்: இதில் முடிவெடுப்பது யார், கையால் செய்வது யார்? இரண்டுக்கும் "முகாம்காரர்" என்பது பதிலானால் அது கேளிக்கை. அதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், தப்பில்லை. கற்றல் என்ற கணக்கில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள்.

முதலில் திறமையைத் தேர்ந்தெடுங்கள், இடமும் பாதையும் அதற்குப் பின்னால் வரட்டும். இரண்டு நாளுக்கு இரண்டு திறமை போதும். முடிச்சு, கூடாரம், முதலுதவி, வரைபடம், சமையல், பறவை பார்ப்பது என்று எல்லாவற்றையும் அடைத்தால் ஒவ்வொன்றையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்ததோடு முடிந்துவிடும். ஒரு தடவை செய்தது கையில் நிற்காது. உங்களுக்கு நான் சொல்லும் இரண்டு, வழி கண்டுபிடிப்பதும் ஆறு பேருக்குச் சமைப்பதும். காரணம் எளிது. மலையில் இரண்டும் நிஜமாகவே தேவைப்படும், தப்பாகச் செய்தால் உடனே தெரிந்துவிடும், ஆனால் அந்தத் தப்பால் யாருக்கும் உயிர் போகாது.

கொல்லிமலை வழி கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுக்க நல்ல இடம். மலைமேல் இருக்கும் செம்மேடு என்ற ஊரைச் சுற்றிச் சின்னச் சின்ன ஊர்கள், வயல், மிளகும் காப்பியும் உள்ள தோட்டங்கள், நடுநடுவே ஒற்றையடிப் பாதைகள். தொலைந்தாலும் பெரும்பாலும் ஒரு வீடோ தார்ச்சாலையோ கண்ணில் பட்டுவிடும். ஆனால் எந்தப் பாதை காப்புக்காட்டுக்குள் நுழைகிறது என்பதை வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் நுழைவதும் அங்கே நெருப்பு மூட்டுவதும் குற்றம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. 2024-ல் வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளுக்கு இணையத்தில் பதிவு செய்யலாம். பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டியாக வருவார்கள். காட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும் என்று ஆசையிருந்தால் அந்த வழியில் போங்கள். உங்கள் நோக்கத்துக்கு ஊர்ப்பாதையே அதிகப் பயன் தரும் என்பது என் எண்ணம், ஏனென்றால் வழிகாட்டி முன்னால் நடந்தால் பிள்ளை வரைபடத்தை எடுக்கவே எடுக்காது.

கற்பித்தலில் பாதி மலைக்குப் போகும் முன்பே முடிந்திருக்க வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடங்களை அதன் இணையதளத்தில் பதிவு செய்து தரவிறக்கலாம். அதில் 2 செ.மீ. என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். சம உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. புவியியல் பாடத்தில் பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காகப் படித்த அதே கோடுகள்தான். பள்ளி மைதானத்தில் 100 மீட்டரை டேப்பால் அளந்து கோடு போடுங்கள். இடது கால் தரையில் படும்போது மட்டும் எண்ணிக்கொண்டு ஒவ்வொருவரும் நடக்கட்டும். பெரியவர்களுக்கு 60, 65 வரும். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடும். அந்த எண்ணை அவரவர் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும், மலையில் தூரம் அளக்கும் கோல் அதுதான். ஏற்றத்தில் காலடி சுருங்கி எண்ணிக்கை ஏறும், அதை அவர்களே அங்கே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன விதியை மலையேறுபவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். இன்றைய அளவில் சொன்னால், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அது திடமான பெரியவர்களுக்கான கணக்கு. நம் வெயிலில், பையோடு, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு மணிக்கு மூன்று கிலோமீட்டர், 300 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் என்று நான் வைத்துக்கொள்கிறேன். ஆறு கிலோமீட்டர் பாதை, 300 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்று மணி நேரம். குழுக்கள் கணக்குப் போட்டுக் காகிதத்தில் எழுதி உங்களிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பட்டும். மாலையில் அந்தக் காகிதத்தையும் உண்மையில் ஆன நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அன்றைய பாடத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

திசை பார்ப்பதில் ஓர் எச்சரிக்கை. மேல்நாட்டுக் கையேடுகளைப் பார்த்துக் கைக்கடிகாரத்தின் மணி முள்ளைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துத் தெற்கைக் கண்டுபிடிக்கும் முறையைச் சில முகாம்களில் இன்னும் கற்றுத் தருகிறார்கள். அது நடுப்பகலில் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும் நாடுகளுக்கான வித்தை. நாமக்கல் பக்கம் ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 23-ஐ ஒட்டியும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இரண்டுக்கும் நடுவில் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். டிசம்பரில் தெற்கே இருந்தாலும் அது உயரத்தில் நிற்பதால் கடிகார முறையில் பிழை அதிகம். அதற்குப் பதில் ஒரு குச்சியை நட்டு நிழலின் நுனியில் கல் வையுங்கள், இருபது நிமிடம் கழித்து மறுபடி ஒரு கல். முதல் கல் மேற்குப் பக்கம், இரண்டாவது கிழக்குப் பக்கம். காலையிலும் மாலையிலும் கோடு கொஞ்சம் சாயும், நடுப்பகலை ஒட்டிச் செய்தால் சரியாக வரும். டிசம்பரில் உங்கள் ஊரில் நிழல் மிகக் குட்டையாவது 12.15 மணி வாக்கில். அப்போது நிழல் நேர் வடக்கு. காம்பஸ் காட்டும் வடக்கும் உண்மையான வடக்கும் தமிழ்நாட்டில் ஓரிரு டிகிரிதான் விலகும், பிள்ளைகள் அளவில் அதை மறந்துவிடலாம்.

இரவிலும் இதே கதைதான். துருவ நட்சத்திரத்தைத் தேடச் சொன்னால் ஏமாந்துபோவார்கள். ஓர் இடத்தின் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை உயரத்தில்தான் அது தெரியும். கொல்லிமலையில் அது அடிவானத்திலிருந்து பதினோரு டிகிரி, கையை நீட்டி ஒரு முஷ்டி வைத்தால் மறையும் உயரம். ஒரு மரமோ மேகமோ போதும் மறைக்க. டிசம்பர் இரவில் ஓரியன் என்ற வேடன் வடிவ நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பில் உள்ள மூன்று நட்சத்திரங்கள் ஏறக்குறைய நேர் கிழக்கில் உதிக்கும், நேர் மேற்கில் மறையும். அதைக் காட்டுங்கள். மறுநாள் வீட்டு மொட்டை மாடியிலும் அது இருக்கும்.

நடக்கும் நாளன்று ஆறேழு பேர் கொண்ட குழுக்கள், கால் மணி நேர இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பட்டும். ஒவ்வொரு குழுவுக்கும் பின்னால் ஒரு பெரியவர். முன்னால் அல்ல, பின்னால். அவர் வாயைத் திறக்கக் கூடாது. இந்தப் பயணத்தில் மிகக் கடினமான வேலை இதுதான், ஆசிரியர்களுக்கு இது அறவே வராது. பிள்ளைகள் இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலது பக்கம் திரும்பும்போது நெஞ்சு பதறும், "அங்க இல்லப்பா" என்று வாய் வரை வந்துவிடும். எவ்வளவு தூரம் விடலாம் என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். நான் கால் மணி நேரம் வைப்பேன். அதற்குள் அவர்களாகவே நின்று "ஓடை வலப்பக்கம் வரணுமே, இடப்பக்கம் வருதே" என்று வரைபடத்தை விரித்தார்கள் என்றால் அன்றைக்குப் பயணம் வெற்றி. கால் மணி ஆகியும் தெரியவில்லை என்றால் வழியைச் சொல்லாதீர்கள், "இப்ப எங்க இருக்கோம்னு வரைபடத்துல காட்டுங்க" என்று மட்டும் கேளுங்கள்.

எதில் தப்புச் செய்ய விடலாம், எதில் விடக் கூடாது என்ற கோட்டைத் தெளிவாகப் போட்டுக்கொள்ளுங்கள். பசி, தாமதம், நனைந்த சட்டை, தப்பான பாதை, உப்பில்லாத சோறு இவையெல்லாம் நல்ல ஆசிரியர்கள். தண்ணீர், உயரம், நெருப்பு, இடி இந்த நான்கிலும் பெரியவர் உடனே குறுக்கிட வேண்டும், அங்கே கற்றுக்கொள்ளட்டும் என்று காத்திருக்கவே கூடாது. அதிலும் தண்ணீர். நம்மூர்ச் சுற்றுலாக்களில் பிள்ளைகளை இழந்த செய்திகளில் குளமும் ஆறும் அருவியும் திரும்பத் திரும்ப வருகின்றன. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் மலைமேல் பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கியது, பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். ஆகாய கங்கை அருவிக்குக் கூட்டிப்போனால் அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆயிரத்துக்கு மேல் படி இறங்க வேண்டும், கால் நடுங்கிப்போன பிள்ளைகள் கீழே போய் வழுக்குப் பாறையில் நிற்பார்கள், திரும்ப அத்தனை படியும் ஏற வேண்டும். பார்த்துவிட்டு வரலாம், இறங்கிக் குளிப்பதைப் பற்றி நான் முடிவாகவே "வேண்டாம்" என்பேன். தண்ணீர் திடீரென்று கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது இவை வெள்ளம் வருவதன் அறிகுறிகள் என்று சொல்லிக்கொடுங்கள். மூழ்குகிறவரைக் காப்பாற்றக் குதிக்கக் கூடாது; கம்பை நீட்டு, துப்பட்டாவை வீசு, மூடி போட்ட காலி கேனைக் கயிறு கட்டி எறி என்பதைப் பள்ளி மைதானத்திலேயே பழக்கிவிடலாம். இதை நான் மூன்றாவது திறமையாகக்கூடக் கணக்கில் வைக்கவில்லை, எந்தப் பயணத்துக்கும் இது நுழைவுச் சீட்டு.

சமையலுக்கு வருவோம். இதில் பிள்ளைகள் வாங்குவதிலிருந்தே தொடங்க வேண்டும். குழுவுக்கு இவ்வளவு ரூபாய் என்று கையில் கொடுத்து உழவர் சந்தைக்கு அனுப்புங்கள். ஆளுக்கு எவ்வளவு அரிசி என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். அம்மாவிடம் அந்தக் கேள்வியை முதல் தடவையாகக் கேட்கும் பையன்கள் நிறையப் பேர் இருப்பார்கள். வேலையைச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள், இல்லையென்றால் பையன்கள் கூடாரம் போடுவதும் பெண்கள் வெங்காயம் உரிப்பதுமாகத் தானாகப் பிரிந்துவிடும். உப்பை மறந்த குழு உப்பில்லாமல் சாப்பிடட்டும், அல்லது பக்கத்துக் குழுவிடம் போய்ப் பேரம் பேசட்டும்.

மலையில் பருப்பு ஏன் வேகவில்லை என்பது கட்டாயம் வரும். 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும், 1,200 மீட்டரில் 96 டிகிரியில் கொதித்துவிடும். தளதளவென்று கொதித்தும் பருப்பு கல்லாகக் கிடக்கும்போது அந்த இயற்பியல் பாடத்தை யாரும் மறக்கமாட்டார்கள். மூடி போடு, ஊற வை, சாமை போலச் சீக்கிரம் வேகும் தானியத்தை எடு என்று அவர்களே வந்து சேர்வார்கள். கொல்லிமலையில் சாமையும் தினையும் உள்ளூரிலேயே வாங்கலாம். விறகு அடுப்பு வேண்டுமென்றால் தங்கும் வீட்டுக்காரர் அனுமதியோடு, அவர் அடுப்பிலேயே மூட்டுங்கள். கேம்ப்ஃபயர் என்ற பெயரில் பெரிய நெருப்பு வளர்த்து ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவதை நான் எங்கும் ஒப்புக்கொள்வதில்லை. அதில் கற்க ஒன்றுமில்லை, பக்கத்து ஊர்க்காரர்களின் தூக்கம்தான் போகிறது. குடிதண்ணீரை நன்றாகக் குமிழி விட்டு ஒரு நிமிடம் கொதிக்க வைத்தால் இந்த உயரத்துக்குப் போதும்.

ஒன்று கவனித்துப் பாருங்கள். வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கும் ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளை இங்கே அடுப்பு மூட்டுவான், கயிறு கட்டுவான், மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பான். அவனை உதவியாளாக வைக்காமல் கற்றுத்தருபவனாக நிறுத்துங்கள். உங்களுக்கும் எனக்கும் தெரியாதது அவனுக்குத் தெரியும்.

மாலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவது மிக முக்கியம். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "சூப்பர் சார்" என்பார்கள், அவ்வளவுதான். ஒரு முடிவை எடுத்துக்கொண்டு கேளுங்கள். அந்தப் பிரிவில் வலது பக்கம் திரும்பலாம் என்று யார் சொன்னது, அப்போது எதைப் பார்த்தீர்கள், எதைப் பார்க்கவில்லை, நாளைக்கு என்ன மாற்றுவீர்கள்? மறுநாள் காலை அதே திறமையை வேறு பாதையில் மறுபடி செய்ய வாய்ப்புக் கொடுங்கள். முதல் நாள் முழுக்க நடை, இரண்டாம் நாள் முழுக்கச் சுற்றிப் பார்ப்பது என்று பிரித்தால் அந்த இரண்டாவது வாய்ப்பு போய்விடும். ஒரே திறமையை இரண்டு நாளிலும் செய்ய வைப்பது, நிகழ்ச்சிநிரலில் நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று.

இனி, நான் அடித்துச் சொல்லாத விஷயம். சாகசப் பயணம் தன்னம்பிக்கை வளர்க்கும், தலைமைப் பண்பு தரும் என்று எல்லா விளம்பரத்திலும் இருக்கும். இந்த எண்ணத்துக்கு வயது அதிகம். 1941-ல் கர்ட் ஹான் என்ற கல்வியாளர் வேல்ஸில் அபெர்டோவியில் தொடங்கிய 'அவுட்வர்ட் பவுண்ட்' பள்ளியிலிருந்து வருகிறது. போர்க்காலத்தில் இளம் மாலுமிகளைக் கடலில் பிழைத்திருக்கப் பழக்குவதற்காக ஒரு கப்பல் நிறுவனத்தின் ஆதரவோடு தொடங்கியது அது. 1997-ல் கல்வி ஆய்வாளர் ஜான் ஹாட்டியும் கூட்டாளிகளும் இத்தகைய பயணங்கள் பற்றிய 96 ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். பலன் இருக்கிறது, பயணம் முடிந்த பிறகும் தொடர்கிறது, நீண்ட பயணங்களில் கூடுதலாக இருக்கிறது என்று கண்டார்கள். ஆனால் அவை பெரும்பாலும் பல நாள், பல வாரப் பயணங்கள். அளந்ததும் பெரிய அளவில் பங்கேற்றவர்களே தங்களைப் பற்றிச் சொன்ன பதில்களை வைத்து. அதை எடுத்து உங்கள் இரண்டு நாளுக்குப் பொருத்தி "பிள்ளைகள் தலைவர்களாகத் திரும்புவார்கள்" என்று பெற்றோரிடம் சொல்லாதீர்கள். வரைபடத்தைப் பார்த்து நடப்பார்கள், ஆறு பேருக்குச் சமைப்பார்கள் என்று சொல்லுங்கள். அதைச் சோதித்துப் பார்க்க முடியும். ஒரு மாதம் கழித்து உங்கள் ஊரையே வரைபடத்தில் கொடுத்து, முன்பின் போகாத ஒரு கோயிலுக்கு நடந்து போகச் சொல்லிப் பாருங்கள்.

பெற்றோர் கூட்டத்தில் இரண்டு விஷயத்தைத் தவறாமல் பேசுங்கள். பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிறவர்கள் பெரும்பாலும் கேட்க விரும்புவது கழிப்பறை எங்கே, கூட வரும் ஆசிரியைகள் யார் என்பதைத்தான். கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள், மாதவிடாய் நாளானாலும் வரலாம் என்பதையும் சேர்த்து. அடுத்தது மூச்சிரைப்பு, வலிப்பு போன்றவை. பயணத்தில் சேர்க்கமாட்டார்களோ என்று பயந்து மறைப்பார்கள். "சொன்னால் விட்டுவிட மாட்டோம், இன்ஹேலரைப் பையில் வைக்கத்தான் கேட்கிறோம்" என்று எழுத்தில் கொடுங்கள். பாம்புக்கடி பற்றி மருத்துவர்கள் சொல்வதை அப்படியே எல்லாருக்கும் சொல்லுங்கள்: அறுக்காதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து 108-க்கு அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போ. அந்த மருத்துவமனை எது, எத்தனை நிமிட தூரம், பாதையில் எந்த இடத்தில் செல்போன் சிக்னல் கிடைக்கும் என்பதை ஒரு தாளில் எழுதி, பின்னால் நடக்கும் ஒவ்வொரு பெரியவரிடமும் கொடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் எழுத வேண்டுமானால் நீங்களும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் நவம்பரில் ஒரு சனிக்கிழமை அந்தப் பாதையை முழுக்க நடந்து வர வேண்டியிருக்கும். வடகிழக்குப் பருவமழை அப்போது முடிந்திருக்காது, ஓடைகள் நிறைந்து ஓடும், வழுக்கும் இடங்கள் எல்லாம் கண்ணில் படும். குடை போதாது, மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், பிற்பகலில் இடி கேட்க ஆரம்பித்தால் முகட்டை விட்டு இறங்கிவிடுங்கள். அந்த நிறுவனத்தை முழுக்கக் கைவிட வேண்டாம் என்றால் தங்குமிடத்துக்கும் கழிப்பறைக்கும் மட்டும் விலை கேட்டுப் பாருங்கள்.